பக்கம் ஒண்ணு, சுத்தம்

— இந்த அடுக்கு மட்டும் வேணாம் டாக்டரம்மா. மத்தது எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துக்கறேன்.

— வேணாம்னா? மொத்தமா எடுத்துக்கறேன்னு தானே போன்ல சொன்னீங்க?

— சொன்னேன். இல்லேங்கல. நேர்ல பாத்தா தானே தெரியுது. இந்தப் பக்கம் இருக்கறது பூரா தங்கம். பழைய ராக் இசைத்தட்டு, அத்தனையும் முதல் அச்சு. அச்சு தேயறதுக்கு முன்னாடி அழுத்தின முதல் சில நூறு தட்டுல ஒண்ணுன்னு அர்த்தம். கண்ணை மூடினா பாடறவன் நம்ம பக்கத்துல வந்து உக்காந்துக்குவான். அந்த ஜன்னலோரம் ஒரு நாப்பது இருக்குல்ல, அதை மட்டும் விட்டுடுங்க.

— விட்டுட்டு நான் என்ன பண்றது, தலைல வெச்சுக்கறதா? நாளைக்குக் காலைல வீட்டுச் சாவியை ஓனர் கையில குடுக்கணும். இன்னிக்கு நாலு மணிக்கு அப்பாவுக்கு டாக்ஸி வருது. அதுக்குள்ள இந்த ரூம் காலியாகணும்.

— முதியோர் ஹோமுக்கா?

— ஹோமுக்குத் தான். எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு நெனச்சீங்களா?

— மெல்லப் பேசுங்கம்மா. பக்கத்து ரூம்ல தான் இருக்கார். கதவு வேற தொறந்து கெடக்கு.

— கேக்கட்டும். கேக்கணும்னு தான் பேசறேன். மூணு வருஷமா இந்த வீட்டுல நான் எப்ப வந்தாலும் இதே குரல்ல தான் பேசறேன். கல்லு மாதிரி உக்காந்திருப்பார். ஒரு நாளாவது திரும்பி, ஏன்டி இப்படிப் பேசறேன்னு கேட்டிருப்பாரா? மாட்டார்.

— பெத்த அப்பா...

— உபதேசம் வேணாம். உங்களைத் தட்டை எண்ணத் தான் கூப்பிட்டேன். மாஸ்கோட பேசறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கிளினிக்லேர்ந்து நேரா வர்றேன், இங்க இருக்கற தூசிக்கு இது மேல இன்னொண்ணு போடணும்.

— பல் டாக்டருக்கு மாஸ்க் என்ன புதுசா. போட்டுக்குங்க, போட்டுக்குங்க.

— அதுகூட அவருக்கு ஆகாது. 'வாயை மூடிக்கிட்டுப் பேசாத'ம்பார் என்னை. அம்மா போனதுக்கப்புறம் என்கிட்ட அவர் பேசினதே மொத்தம் பத்து வார்த்தை. அதுல அது ஒண்ணு.

— டாக்டரம்மா, எங்க கடையில உங்க அப்பாவுக்கு என்ன பேர் தெரியுமா? பொய் சொல்லல, அவருக்கே தெரியும். டிக் சார்.

— டிக்கா?

— தட்டுல ஒரு தூசி இருந்தா ஊசி அதுல ஏறி எறங்கும்போது 'டிக்'னு ஒரு சத்தம் வரும். உங்களுக்கும் எனக்கும் கேக்காது. அவருக்குக் கேக்கும். காலைல வாங்கிட்டுப் போவார், சாயங்காலம் ரெண்டு பஸ் மாறித் திரும்ப வருவார். 'ரெண்டாவது பாட்டு, பாடறவன் மூச்சு இழுக்கறான் பாரு, அங்க ஒரு டிக்'. நான் போட்டுப் பாப்பேன், ஒண்ணும் இருக்காது. ஊசியை மாத்திப் போட்டுப் பாப்பேன். அப்புறம் ராத்திரி பூரா யோசிச்சு மறுநாள் ஹெட்போன்ல கேட்டா... இருக்கும்! சன்னமா, கொசு தும்மின மாதிரி இருக்கும். நானெல்லாம் அவரைத் திட்டாத நாள் கெடையாது. அவரை மாதிரி காது நான் இன்னொண்ணு பாத்ததில்ல.

— அந்தக் காதைப் பத்தித் தான் எனக்கும் பேசணும். அப்புறம் பேசறேன். அப்பா வர்றார். அப்பா, மாத்திரை டப்பா எடுத்து வெச்சாச்சா?

— ம். ம். அந்த ரூம்ல ப்ளக் பாயின்ட் இருக்கும்ல? கட்டில் பக்கத்துல இருந்தா நல்லது. ப்ளேயருக்கு.

— பாத்தீங்களா? நான் மாத்திரையைக் கேட்டா இவர் ப்ளேயருக்கு ப்ளக் தேடறார். போயிட்டார் பாருங்க, பால்கனிக்கு. டாக்ஸி வருதான்னு இப்பவே எட்டிப் பாக்க ஆரம்பிச்சாச்சு.

— எளைச்சுட்டார்.

— சாப்பாடு தெனமும் கட்டி அனுப்பறேன். அதுல குறை வெச்சதில்ல. வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவான் டெலிவரிக்காரன், கதவே எப்பவும் தொறந்து தான் கெடக்கும். அம்மா போனதுலேர்ந்து பூட்டறதே இல்ல இவர். எவன் வந்து எதை எடுத்துட்டுப் போனாலும் கவலை கெடையாது. சரி, விடுங்க. அந்த நாப்பது ஏன் வேணாம், அதைச் சொல்லுங்க.

— அது... ரசனை மாறிப் போச்சும்மா இப்ப. அதெல்லாம் யாரும் தேடி வர்றதில்ல.

— இதுல உங்க கடை ஸ்டிக்கர் இருக்கு. இதுலயும் இருக்கு. இதுல, இதுல... எல்லாமே உங்க கடையில வாங்கினது. நீங்க வித்ததை நீங்களே வேணாங்கறீங்க?

— நான் இல்லேங்கலையே.

— நான் ஒரு நாளைக்கு முப்பது வாயைப் பாக்கறவ. வலிக்குதான்னு கேட்டா இல்லேம்பாங்க, ஆனா நாக்கு தானா அந்தப் பல்லுக்கிட்ட போகும். வந்ததுலேர்ந்து நீங்க அந்த அடுக்கை அம்பது தடவ திரும்பிப் பாத்தாச்சு. என்ன அதுல?

— கொஞ்சம் குறையுள்ள தட்டுங்கம்மா.

— கொஞ்சம்னா?

— சிலது கீறல். சிலது வெயில்ல இருந்து வளைஞ்சது. சிலதுல நடு ஓட்டை ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும், பாட்டு கப்பல்ல போற மாதிரி ஆடும்.

— டிக் சார்கிட்டயா இதெல்லாம் வித்தீங்க? கொசு தும்மினதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தவர்கிட்ட?

— அவர் திருப்பிக் குடுக்கல.

— ஏன்?

— அவரைத் தான் கேக்கணும்.

— அவர்கிட்ட எதைக் கேட்டு எதுக்குப் பதில் வந்திருக்கு. இருங்க, இதையும் பாத்துடுங்க. கருப்புக் கவர். இதுலயும் உங்க ஸ்டிக்கர். இது நாப்பதுல சேருமா, தங்கத்துல சேருமா?

— இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?

— அவர் பெட்டியிலேர்ந்து. 'எல்லாத்தையும் வித்துக்கோ, ப்ளேயரும் இந்த ஒரு தட்டும் மட்டும் எனக்கு வேணும்'னு பேப்பர்ல எழுதிக் குடுத்தார். ஆயிரத்துச் சொச்சம் தட்டு இருக்கு இந்த வீட்டுல. இவருக்கு இது தான் வேணுமாம். உங்க முகம் ஏன் இப்படிப் போச்சு?

— ஒண்ணுமில்ல. அதை அவர் பெட்டியிலயே வெச்சுடுங்கம்மா.

— வைக்க மாட்டேன். அவர் கண்ணு முன்னாடி உடைச்சுட்டுத் தான் டாக்ஸியில ஏத்துவேன். இது எந்தத் தட்டுன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்கம்மா சாகும்போது ஓடிட்டு இருந்த தட்டு.

— என்னம்மா சொல்றீங்க?

— உங்களுக்கு எவ்வளவு தெரியும் அதைப் பத்தி?

— பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்கன்னு தெரியும். வந்து மாலை போட்டுட்டுப் போனேன். கேக்கற எடமா அது, ஒண்ணும் கேக்கல.

— இப்பக் கேளுங்க. அம்மாவுக்கு ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம். கூட ஒரு நர்ஸ் போடறேன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். இவர் தான் வேணாம்னார். 'நான் வீட்ல தானே இருக்கேன், ஒரு குரல் குடுத்தா வந்துடப் போறேன், எதுக்கு வெளி ஆள்'னார். அம்மாவும் நம்பினாங்க. ஒரு குரல் குடுத்தா வந்துடுவார்னு நம்பினாங்க.

— ம்.

— காலைல பத்தரை மணிக்கு விழுந்திருக்காங்க. இடுப்பு ஒடஞ்சு, மண்டையில அடி. கூப்பிட்டிருக்காங்க. பன்னெண்டரைக்குக் கீழ் வீட்டம்மா காதுல விழுந்திருக்கு. கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கு! அவங்க வந்து பெல் அடிச்சு, கதவைத் தட்டி, யாரும் தொறக்கலேன்னு எனக்கு போன் போட்டாங்க. நான் ஒரு பேஷன்ட்டை வாயைத் தொறந்தபடி விட்டுட்டு ஓடி வந்தேன். என்கிட்ட இருந்த சாவியில தான் கதவைத் தொறந்தோம்.

— சார் எங்க இருந்தார்?

— இங்க. இதே நாற்காலி. பாத்ரூமுக்கும் இதுக்கும் எத்தனை அடி இருக்கும், நீங்களே பாருங்க. பத்து? பன்னெண்டு? தலையைச் சாச்சு, கண்ணை மூடி, இந்த ஸ்பீக்கர் மேல கை வெச்சுட்டு உக்காந்திருந்தார். பாட்டு ஓடிட்டு இருந்துச்சு.

— கை வெச்சுட்டா?

— எப்பவும் அப்படித்தான். தடவித் தடவி அந்த எடத்துல பாலிஷே போயிடுச்சு பாருங்க. எங்கம்மா தோள்ல ஒரு நாள் அப்படிக் கை வெச்சு நான் பாத்ததில்ல.

— அம்மா அப்போ...

— மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில சாயங்காலம் போயிட்டாங்க. அங்க வராண்டாவுல, சித்தப்பா, அத்தை எல்லார் முன்னாடியும் இவர் முகத்தைப் புடிச்சுத் திருப்பிக் கேட்டேன். அம்மா கூப்பிட்டது கேட்டுச்சா கேக்கலயான்னு. என்ன சொன்னார் தெரியுமா? கேட்டுச்சுன்னார்.

— கேட்டுச்சுன்னாரா?

— 'கேட்டுச்சு. பாட்டு முடியட்டும்னு இருந்தேன்'. இதே வார்த்தை. அத்தை அங்கயே தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. நான் அன்னிக்கு முடிவு பண்ணினேன், எனக்கு அப்பான்னு ஒருத்தர் இல்லேன்னு. அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு வருஷமா அப்படித்தான் ஆயிட்டார். என்ன பேசினாலும் 'பாட்டு ஓடுது, அப்புறம் பேசு'. பேத்தி ஸ்கூல்ல ப்ரைஸ் வாங்கிட்டு வந்து நின்னா 'பாட்டு ஓடுது'. அம்மாவைத் தள்ளி விட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன், ஏதோ கோவத்துல பண்ணிட்டார்னு. கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கார் மனுஷன்!

— டாக்டரம்மா, நான் ஒண்ணு...

— இன்னும் முடியல. இந்தாங்க, இதைப் படிங்க. மூணு வருஷமா என் பையில வெச்சிருக்கேன்.

— சீட்டு. அவர் கையெழுத்து தான். ஒவ்வொரு தட்டுக் கவர்லயும் ஒண்ணு வெப்பாரே. கேக்கற ஒவ்வொரு தடவையும், எந்தப் பாட்டுல எங்க டிக்குன்னு பென்சில்ல எழுதி.

— தேதியைப் படிங்க.

— அன்னிக்கா?

— அன்னிக்குத் தான். படிங்க, சத்தமா.

— 'பக்கம் ஒண்ணு, சுத்தம்'.

— நான் உள்ள வந்தப்போ இந்தச் சீட்டு நாற்காலிக் கையில இருந்துச்சு. அந்தப் பக்கம் எங்கம்மா ரத்தத்துல கெடக்காங்க, இந்தப் பக்கம் இவர் 'சுத்தம்'னு சர்டிஃபிகேட் எழுதிட்டு உக்காந்திருக்கார். இப்ப அந்தத் தட்டைப் போடுங்க.

— எதுக்கும்மா?

— உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்கணும். அப்படி என்ன தான் இருக்கு அதுல, எங்கம்மா உசுரை விட ஒசத்தியா.

— வேணாம். உங்க கால்ல வேணா விழறேன், அதைப் போடாதீங்க.

— நீங்க போடலேன்னா நான் போடறேன். எனக்குப் போடத் தெரியாது, ஊசி ஒடஞ்சா ஒடையட்டும்.

— இருங்க, இருங்க. விடுங்க, நானே போடறேன். கடவுளே.

— சவுண்டைக் கூட்டி வையுங்க. இன்னும். அன்னிக்கு இந்தளவு தான் இருந்துச்சு, தெருவுக்கே கேக்கற மாதிரி. இது என்ன, வேற என்னவோ பாடறான். இது இல்லையே.

— ஆரம்பம் இப்படித்தான் இருக்கும்.

— இல்ல, நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. ஒரு ட்ரம் அடி, ஒருத்தன் 'ய்யா'ன்னு பாதியில... ஆ! இது தான். கேக்குதா? தட்... ய்யா. தட்... ய்யா. இதே தான்! மூணு வருஷமா என் தலைக்குள்ள இது தான் ஓடுது. பல்லைக் குடையற மெஷினைப் போட்டாக்கூட இது தான் கேக்குது. இதையா ஒரு மனுஷன் கண்ணை மூடி ரசிப்பான்? இது ஒரு பாட்டா?

— டாக்டரம்மா, இது பாட்டு இல்ல.

— அதைத் தான் நானும் சொல்றேன்.

— அய்யோ, அப்படி இல்லம்மா. நெஜமாவே இது பாட்டு இல்ல. ஊசி மாட்டிக்கிச்சு. கீறல்ல விழுந்து ஒரே எடத்துல சுத்திட்டு இருக்கு. யாராவது எழுந்து கையால எடுத்து விடற வரைக்கும் இப்படியே தான் சுத்தும்.

— என்ன சொல்றீங்க? பாட்டே இப்படித்தான் இல்லையா?

— எந்தப் பாட்டும் இப்படி இருக்காது.

— நான் இந்தக் கண்றாவியெல்லாம் கேட்டதே இல்லையே. இவனுங்க கத்தறதே இப்படித்தான்னு நெனச்சேன். அன்னிக்குப் பூரா இது தான் ஓடிச்சு. கீழ் வீட்டம்மா சொன்னாங்க. பத்தரைலேர்ந்து மேல யாரோ சுத்தியலால அடிக்கற மாதிரி ஒரே சத்தம், அதுல அம்மா குரல் தனியாத் தெரியலேன்னு...

— என்னது? இந்தச் சத்தத்துலயா அம்மா குரல் தெரியல?

— ஆமாம். ஏன், உங்களுக்கு என்ன? நிறுத்துங்க அதை. என்னால முடியல.

— ஊசியை எடுத்துட்டேன். எடுத்துட்டேன்மா.

— தட்டு சுத்துதே.

— சும்மா சுத்துது. சத்தம் வராது. கொஞ்சம் இருங்க, நிறுத்தறேன்.

— ரெண்டு மணி நேரம். இந்தச் சனியன் ரெண்டு மணி நேரம் ஒரே எடத்துல அடிச்சுட்டு இருந்திருக்கு. இவர் பக்கத்துல உக்காந்திருக்கார். ஒரு டிக்குக்குப் பஸ் ஏறி வந்தவர். இதுக்கு மட்டும் எழுந்திருக்கல. ஏன்? உங்களுக்குத் தெரியும். என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— பொய் சொல்லலம்மா. உங்கம்மா போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சார் தட்டைத் திருப்பிக் குடுக்கறதை நிறுத்திட்டார். முதல்ல சந்தோஷப்பட்டேன், தொல்லை விட்டுச்சுன்னு. அப்புறம் ஒரு சந்தேகம். கடையில பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார். பேசும்போது கண்ணைப் பாக்க மாட்டேங்கறார், வாயைப் பாக்கறார். போன் பண்றதே இல்ல, மெசேஜ் மட்டும் தான் வருது. சரி, ஒரு தடவ பாத்துடுவோம்னு...

— பாத்துடுவோம்னு?

— இந்தக் கருப்புத் தட்டைக் குடுத்தேன். குப்பையில போட எடுத்து வெச்சிருந்தது. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஊசி மாட்டிக்கும்னு தெரிஞ்சே குடுத்தேன். மறுநாள் வந்து மூஞ்சியில எறிவார், நானும் சிரிச்சுட்டு, சும்மா சோதிச்சேன் சார்னு சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு வந்தார். 'அருமையான தட்டு, சுத்தமா இருக்கு'ன்னார்.

— நீங்க என்ன பண்ணினீங்க?

— அடுத்து ஒரு வளைஞ்ச தட்டைக் குடுத்தேன்.

— மனுஷனா நீங்க?

— அன்னிக்கே ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு, இல்ல உங்கம்மாவுக்கு. அப்பாவுக்குக் காது போச்சும்மா, தனியா விடாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லல. சொன்னா ஒரு நல்ல கஸ்டமர் போயிடுவார்னு வாயை மூடிட்டேன். நாப்பது தட்டு தள்ளி விட்டேன். அதான் அந்த அடுக்கு. அதைத் திரும்பி என் கடைக்குள்ள கொண்டு போற தைரியம் எனக்கில்ல. அம்மா எதால விழுந்தாங்கன்னு தான் தெரியும், எந்தத் தட்டு ஓடுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சத்தியமா.

— இல்ல. நான் நம்ப மாட்டேன்.

— டாக்டரம்மா...

— கதை விடறீங்க. உங்க டிக் சாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க. கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே! எதுக்கு ஒரு ஆளு கேட்டுச்சுன்னு சொல்லணும்? பெத்த பொண்ணு மூஞ்சியில காறித் துப்பற மாதிரி பேசும்போது எதுக்கு வாங்கிக்கணும்?

— 'ஒரு குரல் குடுத்தா வந்துடுவேன்'னு சொல்லி நர்ஸை வேணாம்னது அவர் தானேம்மா. காது கேக்காதுன்னு தெரிஞ்சே சொன்னது. அதை வெளிய சொல்றதை விட இது மேல்னு நெனச்சிருப்பார். எனக்குத் தெரியல. நான் அந்த எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியல.

— என்னால முடியாது. மூணு வருஷம். நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா, இதே ரூம்ல, அந்த முதுகைப் பாத்து. நீங்க சொல்றது நெஜம்னா... இல்ல, நெஜமா இருக்காது. அவர் வாயால கேட்டுச்சுன்னு சொன்னார்.

— அப்போ நேர்ல தானே நின்னீங்க? முகத்தைப் புடிச்சுத் திருப்பித் தானே கேட்டீங்க? மாஸ்க் போட்டிருந்தீங்களா?

— கிளினிக்லேர்ந்து ஓடி வந்தேன். இல்ல... இல்ல, கழுத்துல கெடந்துச்சு.

— இதோ வர்றார். மாஸ்கைக் கழட்டாதீங்க. கழட்டாமயே கேளுங்க. நான் பொய் சொல்றேனான்னு நீங்களே பாத்துக்குங்க.

— தட்டு இன்னும் சுத்துது.

— சுத்தட்டும். ஊசி மேல தான் இருக்கு, ரூம்ல ஒரு சத்தம் இல்ல. கேளுங்கம்மா.

— டாக்ஸி வந்துடுச்சு. கீழ நிக்கறான். அந்தத் தட்டைத் தான் போட்டிருக்கீங்களா ரெண்டு பேரும்? சரி, சரி. முடியட்டும், அப்புறம் எடுத்து வெச்சுக்கறேன்.

— அப்பா. அன்னிக்கு... அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சாப்பா?

— பாட்டைக் கொஞ்சம் கொறைம்மா. நீ பேசறது காதுல விழல.